ஒட்டு, உரை, அவை: அரட்டை வழங்கிகளில் நிரல் சீராய்வின் வரலாறு

கட்டற்ற மென்பொருளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நிரலை ஆக்கியோர் பெயர்களையே பட்டியலிடுகின்றனர். பிறர் அனுப்பிய நிரலை வரிவரியாக வாசித்து, ஏற்றும் மறுத்தும் திருத்தச் சொல்லியும் திருப்பி அனுப்பியவர்களைப் பற்றிய குறிப்புகள் மிகக் குறைவு. தமிழில் இப்பொருள் பற்றி அநேகமாக ஒன்றுமே இல்லை. மொழியியல் பயின்ற எனக்கு இது ஒரு பாடத்திறனாய்வுச் சிக்கலாகவே தோன்றுகிறது: ஒரு பனுவல், அதில் புகும் பாடபேதங்கள், எந்தப் பாடத்தைக் கொள்வது என்று முடிவு செய்யும் ஒருவர். இப்பதிவில் அரட்டை வழங்கிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மனிதமொழி நேரடியாகக் கடந்து செல்லும் நிரல்கள் அவை. அவற்றில் நேரும் பிழை, மொழியின் மேல் விழும் பிழையாகவும் இருக்கிறது. பதிவு நீளமானது, பொறுமையுடையோர் வாசிக்கலாம்.

முதலில் கருவிகள். இரண்டு கோப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் எடுத்துக் காட்டும் 'டிஃப்' என்னும் நிரலை டக்ளஸ் மெக்கில்ராய் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக உருவாக்கினார்; 1974இல் வெளிவந்த யூனிக்ஸ் ஐந்தாம் பதிப்பில் அது இடம்பெற்றது. அந்த வேறுபாட்டை எடுத்து மூலக்கோப்பில் தானே பொருத்தும் 'பேட்ச்' நிரலை லாரி வால் 1985இல் வெளியிட்டார். இடைப்பட்ட பதினோராண்டுகளைக் கவனியுங்கள். வேறுபாட்டைக் காணும் கருவி முதலில் வந்தது. அதை ஒட்டும் கருவி பின்னரே வந்தது. அதற்குப் பிறகுதான் முன்பின் அறியாத ஒருவர், உலகின் இன்னொரு மூலையிலிருந்து, முழு நூலையும் அனுப்பாமல் தாம் மாற்ற விரும்பும் நான்கு வரிகளை மட்டும் அனுப்புவது எளிதாயிற்று. நீக்கும் வரிக்குக் கழித்தல் குறி, சேர்க்கும் வரிக்குக் கூட்டல் குறி, இடம் தெரிவதற்கு மேலும் கீழும் மும்மூன்று வரிகள். இன்றும் நிரல் சீராய்வாளர் காண்பது இந்த வடிவத்தையே. பாடபேதக் குறிப்பு எழுதிப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 'ஒட்டு' என்னும் சொல்லையே இங்கு ஆள்கிறேன். தையல்காரர் சொல்லுக்கும் நிரலாளர் சொல்லுக்கும் பொருள் ஒன்றுதான்.

அவையில் வைத்து நூலைத் தேர்வது நம் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் ஐயம் நீங்கக் கூறப்பட்டதைப் பதிவு செய்கிறது. கேட்பவர் ஒருவர் இருந்தார். அவர் பெயரும் நூலோடு சேர்த்து நிலைநிறுத்தப்பட்டது. இறையனார் களவியல் உரை சொல்லும் கதை வேறு வகை. பல உரைகளுள் சிறந்ததைத் தேர, உப்பூரிகுடி கிழார் மகனாகிய உருத்திரசன்மனை அமர்த்துகின்றனர். அவன் பேச இயலாதவன். மருதன் இளநாகனார் உரையைக் கேட்கையில் சில இடங்களில் மட்டும் கண்ணீர் வார்க்கிறான். நக்கீரர் உரையைக் கேட்கையில் பதந்தோறும் வார்க்கிறான். தீர்ப்பு கிடைத்துவிடுகிறது, காரணம் கிடைப்பதில்லை. இன்று ஒட்டுக்குக் கீழே 'எனக்குச் சரியாகப் படுகிறது' என்ற பொருளில் நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டிவிட்டு நகரும் சீராய்வாளர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு உருத்திரசன்மன் நினைவுக்கு வருகிறான். அவனுக்காவது பேச இயலாது.

இனி அரட்டைக்கு வருவோம். 1988 ஆகஸ்டு இறுதியில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்காரினென் 'இன்டர்நெட் ரிலே சாட்' எனப்படும் ஐ.ஆர்.சி.யை எழுதினார். பல வழங்கிகள் கிளை கிளையாகப் பிணைந்து ஒரே வலையமைப்பாக இயங்குவதே அதன் அமைப்பு. ஒவ்வொரு வழங்கியையும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தில் ஒவ்வொருவர் நடத்தினார்; நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது. ஆகவே அவரவர் தேவைக்கேற்ப ஒட்டுகள் பெருகின. 1993 மே மாதம் ஓய்க்காரினெனும் ஆஸ்திரேலியரான டேரன் ரீடும் சேர்ந்து நெறிமுறையை ஆர்.எஃப்.சி. 1459 என்னும் ஆவணமாக வெளியிட்டனர். அதில் மொழியியலாளர் கண்ணில் படவேண்டிய ஒரு விதி உண்டு. பகர அடைப்பும் நெளிவு அடைப்பும் ஒரே எழுத்தின் பேரெழுத்து, சிற்றெழுத்து வடிவங்களாகக் கொள்ளப்படும் என்கிறது அந்த விதி. பின்சாய்கோட்டுக்கும் நெடுங்கோட்டுக்கும் அவ்வாறே. ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு இது பைத்தியக்காரத்தனம். ஆனால் அக்காலத்துப் பின்லாந்து, சுவீடன் கணினிகளின் ஏழு பிட்டு எழுத்துருவில், அடைப்புக்குறிகளுக்குரிய இடங்களில் அந்நாட்டு மொழிகளின் மேற்குறியிட்ட உயிரெழுத்துகள் அமர்ந்திருந்தன. புள்ளியிட்ட 'ஆ' ஒன்றின் பெரிய வடிவமும் சிறிய வடிவமும் ஒரே பெயராக வேண்டும் என்பது அவர்களுக்கு இயல்பான தேவை. உலகெங்கும் பரவிய நெறிமுறை ஒன்றின் உள்ளே ஒரு சிறு மொழிச் சமூகத்தின் எழுத்து நிலைத்துவிட்டது. அது ஆணையால் நிலைக்கவில்லை. எழுதியவரும் படித்துப் பார்த்தவர்களும் அந்த எழுத்தில் பெயரெழுதியவர்கள் என்பதே காரணம்.

ஒட்டுகளால் ஒரு சமூகம் பிளந்ததற்கும் இதே வழங்கி சாட்சி. 1990 ஆகஸ்டில் முதற்பிளவு: பெர்க்கிலியில் இருந்த 'எரிஸ்' என்னும் வழங்கி, யார் வேண்டுமானாலும் அனுமதியின்றித் தன்னோடு பிணையலாம் என்று கதவைத் திறந்து வைத்தது. அதை வெளியேற்றி அமைந்த வலையமைப்பே 'ஈ.எஃப்.நெட்', எரிஸ் அற்ற வலை என்பது அப்பெயரின் பொருள். இது கொள்கைப் பூசல். நிரல் பூசல் அன்று. 1996 ஜூலையில் நேர்ந்த பெரும்பிளவு அப்படிப்பட்டதன்று. அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

இரு வழங்கிகளுக்கு இடையிலான இணைப்பு அறுந்தால் வலையமைப்பு இரு துண்டுகளாகும். நூறு பேர் கூடியிருந்த ஓர் அரட்டை அறை ஒரு பக்கம் நிற்க, மறுபக்கத்தில் அதே பெயரில் அறை காலியாகிவிடும். காலி அறைக்குள் முதலில் நுழைபவருக்கு நிர்வாகி அதிகாரம் கிடைப்பது அன்றைய விதி. ஆகவே ஒருவர் இணைப்பு அறுவதற்காகக் காத்திருந்து, காலியான துண்டில் நுழைந்து நிர்வாகியாகி, இணைப்பு மீண்டதும் நூறு பேர் அறைக்கும் தலைவராகி, உண்மையான நிர்வாகிகளை வெளியேற்றிவிடலாம். இதைத் தடுக்க இரண்டு ஒட்டுகள் எழுந்தன. ஒன்று நேரமுத்திரை: ஒவ்வோர் அறையும் தான் தோன்றிய நேரத்தைச் சுமந்து செல்லும்; துண்டுகள் சேரும்போது பழைய அறை வெல்லும், புதியதன் நிர்வாகிகள் அதிகாரம் இழப்பர். 1992இல் சோதனைக்கென்று தொடங்கப்பட்ட 'அண்டர்நெட்' இவ்வழியில் முன்னே சென்றிருந்தது. மற்றொன்று தாமதம்: இணைப்பு அறுந்ததும் அந்தப் பெயர்களைச் சிறிது காலம் பூட்டி வைத்தல், எவரும் நுழைய முடியாது. அமெரிக்க வழங்கிகள் பெரும்பாலும் முதலாவதை ஆதரித்தன; ஐரோப்பிய வழங்கிகள் இரண்டாவதை.

எது சரி? இரண்டுக்கும் நியாயம் உண்டு. நேரமுத்திரைக்கு எல்லா வழங்கிகளின் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும். ஒரு வழங்கியின் பொறுப்பாளர் கடிகாரத்தைப் பொய்யாகப் பின்னகர்த்தினால் எந்த அறையையும் கைப்பற்றலாம். தாமதமோ குற்றமற்றவரையும் சேர்த்துத் தண்டிக்கும். இணைப்பு அறுந்து விழுந்தவர் தம் சொந்தப் பெயரோடு உடனே திரும்ப முடியாது. தேவைப்பட்டது ஒரு நடுவர். அதங்கோட்டாசான் எவரும் அங்கில்லை. மூல நிரலைப் படைத்தவருக்கும் அந்த அதிகாரம் எஞ்சியிருக்கவில்லை. இரு தரப்பும் தத்தம் ஒட்டைத் தம் வழங்கிகளில் ஒட்டிக்கொண்டன. ஐரோப்பா 'ஐ.ஆர்.சி.நெட்' ஆயிற்று, அமெரிக்கா 'ஈ.எஃப்.நெட்' என்ற பழைய பெயரை வைத்துக்கொண்டது. இந்தப் பிளவுக்கு வேறு அரசியற் காரணங்களும் சொல்லப்படுவதுண்டு. வழங்கி நடத்துவோரின் அதிகார எல்லை பற்றிய மனத்தாங்கல் அவற்றுள் முதன்மையானது. ஆயினும் என் கணிப்பில், மறுக்கப்படும் ஒட்டுக்குக் காரணம் சொல்லவேண்டிய இடம் எது என்பதே தீர்மானிக்கப்படாமல் இருந்ததுதான் அடிப்படைக் குறை.

அக்காலத்து வழங்கிகளின் பதிப்புப் பெயர்கள் ஒரு தனி ஆய்வுக்குரியவை. 2.8.21 என்ற எண்ணுக்குப் பின் ஒரு கூட்டல் குறியிட்டு 'சி.எஸ்.' என்று எழுதியிருக்கும். கிறிஸ் பெஹ்ரன்ஸ் என்பவரின் புனைபெயர்ச் சுருக்கம் அது. அதாவது, மூலம் இன்னது, அதன்மேல் இன்னாருடைய ஒட்டுத்தொகுதி என்பது பெயரிலேயே தெரியும். இளம்பூரணம், சேனாவரையம், நச்சினார்க்கினியம், தெய்வச்சிலையம், கல்லாடம் என்று நாம் சொல்லதிகாரத்தை அடையாளப்படுத்தவில்லையா? 'நான் எந்தத் தொல்காப்பியத்தைப் படித்தேன்' என்பதற்கு விடை உரையாசிரியர் பெயர்தான். பின்னர் அந்த ஒட்டுத்தொகுதிகள் கலந்து ஆன வழங்கிக்கு 'ஹைப்ரிட்' என்றே பெயரிட்டனர். நம் உரைகளைக் கலந்து அச்சிட்டவர்கள் அவ்வளவு நேர்மையாகப் பெயரிட்டதில்லை.

ஓரெழுத்தின் கனம் பற்றிச் சொல்ல எங்கள் ஊரை அழைத்துக்கொள்கிறேன். கோலார் தங்கவயல் போன்ற ஆழ்சுரங்கங்களில், குழிவாயிலுக்கும் தூக்கிப்பொறி இயக்குபவருக்கும் இடையில் மொழி என்பது மணியோசைதான். ஏற்ற ஓர் எண்ணிக்கை, இறக்க ஓர் எண்ணிக்கை, ஆட்கள் ஏறுகிறார்கள் என்பதற்கு வேறொன்று. பொறி இயக்குபவர் கூண்டைக் காண்பதில்லை. மணியடியின் எண்ணிக்கையை மட்டுமே கேட்கிறார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்துக்குக் கூண்டில் செல்பவர்களுக்கு ஓர் அடி கூடினாலும் குறைந்தாலும் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே அச்சைகைகளை எழுதித் தொங்கவிடுவதும், எவரும் தம் விருப்பப்படி மாற்றலாகாது என்பதும் சுரங்கச் சட்டத்தின் பகுதியாயின.

நிரலில் இதற்கிணையான நிகழ்ச்சி 2003 நவம்பரில் நடந்தது. லினக்ஸ் கருநிரலின் ஒரு நகல் களஞ்சியத்தில் யாரோ இரண்டு வரிகளைச் செருகியிருந்தனர். பார்வைக்கு ஒரு வழக்கமான பிழைச்சோதனை. ஆனால் இரட்டைச் சமக்குறி இருக்கவேண்டிய இடத்தில் ஒற்றைச் சமக்குறி இருந்தது. சி மொழியில் இரட்டைக்குறி 'சமமா?' என்று வினவும். ஒற்றைக்குறி 'சமமாகு' என்று ஏவும். இவர் தலைமைப் பயனரா என்று கேட்பதுபோல் தோன்றிய வரி, உண்மையில் இவரைத் தலைமைப் பயனராக்கு என்று கட்டளையிட்டது. வினா ஏவலாயிற்று, வேறுபாடு ஒரே குறி. ஒற்று மிகுமா மிகாதா என்று மாணவர்களை வதைக்கும் நம் ஆசிரியர்கள் இந்த எடுத்துக்காட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அது அகப்பட்டதற்குக் காரணம் அந்தக் குறியை யாரும் வாசித்துக் கண்டுபிடித்தது அன்று. மூலக் களஞ்சியத்தில் ஏற்கப்பட்டதற்கான சுவடு அந்த மாற்றத்துக்கு இல்லை. அந்தக் கணக்கு ஒத்துவராமையே காட்டிக்கொடுத்தது.

அரட்டை வழங்கிக்கு அந்த நற்பேறு கிட்டவில்லை. 'அன்ரியல் ஐ.ஆர்.சி.டி.' பரவலாகப் பயன்பட்ட திறமூல வழங்கி. அதன் 3.2.8.1 பதிப்பின் பொதிக்கோப்பு, தரவிறக்கத் தளங்கள் சிலவற்றில், 2009 நவம்பர் வாக்கில் வேறொரு கோப்பால் மாற்றி வைக்கப்பட்டது. மாற்றியவர் யாராயினும், அவர் சேர்த்த நிரல் பிழைதிருத்தப் பதிவெழுதும் பகுதிபோல் வேடமிட்டிருந்தது. இரண்டு குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் செய்தியை அனுப்பினால், அதைத் தொடர்ந்து வரும் எந்தக் கட்டளையையும் அந்தக் கணினி நிறைவேற்றும். 2010 ஜூன் 12ஆம் நாள் மேம்பாட்டாளர்கள் தாமே இதை அறிவித்தனர். இடையில் ஏறத்தாழ ஏழு மாதங்கள். அவர்களது மூலக் களஞ்சியத்தில் அந்த வரிகள் இல்லவே இல்லை என்பதுதான் இதில் முக்கியம். சீராய்வாளர் எத்தனை முறை களஞ்சியத்தை வாசித்திருந்தாலும் கண்டிருக்க முடியாது. அவர் வாசித்த ஏடு வேறு, ஊரார் கையில் இருந்த அச்சுநூல் வேறு.

2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட எக்ஸ்.இசட். சதியிலும் இதே பிளவைக் காண்கிறோம். அது அரட்டை வழங்கியன்று, கோப்புகளைச் சுருக்கும் நூலகம். ஆயினும் கணக்கற்ற வழங்கிகளின் அடித்தளத்தில் கிடப்பது. 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் ஒழுங்கான ஒட்டுகளை அனுப்பினார். தனியாளாய்ப் பராமரித்துவந்த பின்லாந்துக்காரர் களைத்திருந்தார். ஒட்டுகளைத் தாமதமின்றி ஏற்குமாறு வேறு சில பெயர்கள் அவரை நெருக்கின. நாளடைவில் புதியவரே துணைப் பராமரிப்பாளரானார். நஞ்சு, சோதனைக் கோப்புகளுக்குள்ளும் வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்த ஓர் ஆக்கக் குறிப்பிலும் பிரித்து ஒளிக்கப்பட்டிருந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், தொலைக்கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்துத் துருவியதால் அது அகப்பட்டது. பல கண்கள் பார்த்தால் எப்பிழையும் தப்பாது என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. பார்க்கும் கண்களின் எண்ணிக்கையைவிட, அவை எதைப் பார்க்கின்றன என்பதும், பார்ப்பவருக்கு ஓய்வும் ஊதியமும் உண்டா என்பதும் பெரிய வினாக்கள்.

நம்மவர் பெரும்பாலோர் ஐ.ஆர்.சி.யைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபின், மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குக் காலை ரயிலேறி வேலைக்குப் போகும் தலைமுறையின் கையில் வாட்ஸ்அப் இருக்கிறது. அதன் வழங்கிக்கு வித்து 'ஈஜாபர்டி'. 1999இல் ஜெரமி மில்லர் அறிவித்த 'ஜாபர்' நெறிமுறைக்காக அலெக்சி ஷெப்பின் 2002இல் எர்லாங் மொழியில் எழுதத் தொடங்கிய திறமூல வழங்கி அது. வாட்ஸ்அப் பொறியாளர்கள் அதைப் பகுதி பகுதியாக மாற்றியெழுதி, 2012இல் ஒரே கணினியில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கச் செய்தனர். அந்த உரிமத்தின்படி, நிரலை வெளியாருக்கு வழங்காமல் தம் கணினியிலேயே ஓட்டுபவர் மாற்றங்களைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. ஆகவே அந்த ஒட்டுகளுக்குப் பொது அவை கிடையாது. மூலம் ஊர்ச்சொத்து, உரை தனிச்சொத்து.

இனி தமிழ். ஐ.ஆர்.சி. செய்தி ஒன்றின் நீளம் வரிமுடிவுக் குறிகள் உட்பட 512 பைட்டுகள். ஆங்கிலத்துக்கு அது ஐந்நூற்றுச் சொச்சம் எழுத்து. யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு; ஆகவே 510இல் 170 குறியீடுகளே அடங்கும், அனுப்புநர் முகவரியும் கட்டளையும் அதே இடத்தில் பங்கு கேட்பதால் அதனினும் குறையும். 'கோலார்' என்னும் மூன்றெழுத்துச் சொல் ஆறு குறியீடு, பதினெட்டு பைட்டு. வெட்டு எழுத்தின் நடுவே விழுந்தால் கடைசியில் கேள்விக்குறிப் பெட்டி ஒன்று மிஞ்சும்.

ஒருவர் பைத்தான் மொழியில் எழுதப்பட்ட அரட்டை வழங்கிக்கு ஓர் ஒட்டு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்: செய்தியில் குறிப்பிடப்படும் பயனர் பெயரைச் 'சொல்லெழுத்துகளின் தொடர்' என்னும் வாய்பாட்டால் கண்டுபிடிக்கும் ஒட்டு. பைத்தானின் இயல்பான வாய்பாட்டு நூலகம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லெழுத்தாகக் கொள்வதில்லை. 'கோலார்' அங்கே க, ல, ர என்று மூன்று உதிரிகளாகிவிடும். உயிர்மெய் ஓரெழுத்து என்பது தொல்காப்பியருக்குத் தெரியும். அந்த நூலகத்துக்குத் தெரியாது. ஒட்டோடு வந்த சோதனைகள் ஆங்கிலப் பெயர்களால் ஆனவை, அனைத்தும் தேறும். சீராய்வாளர் நேர்மையானவர், உழைப்பாளி, ஆனாலும் ஏற்றுக்கொள்வார். பின்லாந்துக்காரர் தம் உயிரெழுத்துகளை உள்ளே வைத்ததும் இதுவும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். சீராய்வு மேசையில் யாருடைய எழுத்தறிவு அமர்ந்திருக்கிறதோ அந்த எழுத்துக்கே காவல் கிடைக்கிறது.

ஜாபரின் பெயர்விதிகள் 2002ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றைச் சார்ந்து யூனிகோடு 3.2 பதிப்போடு நின்றிருந்தன. தமிழின் 'ஶ' எழுத்தும் '௦' என்னும் சுழியமும் 2005இல் வந்த 4.1 பதிப்பில்தான் சேர்ந்தன. எனவே பதிவு செய்யும் பெயர்களில் அவை ஒதுக்கப்படாத குறியீடுகளாகவே கருதப்பட்டன. 2015இல் புதிய முகவரி விதி வரும்வரை கோட்பாட்டளவில் நிலைமை அதுவே.

பெங்களூரில் கணினி பயிலும் தங்கவயல் மாணவர்கள் சிலர், திறமூலத் திட்டங்களில் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கின்றனர். புதிய வசதி எழுதுவதைவிட, அரட்டை வழங்கிகளின் பயனர்பெயர்ப் பகுதியைத் தொடும் ஒட்டுகளை வாசித்துக் கேள்வி கேட்பதில் தொடங்குங்கள் என்பேன். சோதனைக்குச் சில சொற்கள் தருகிறேன். 'கோ' என்பதை ஒற்றைக் குறியீடான ஓகாரக் குறியோடும், ஏகாரக் குறியும் கால்குறியும் தனித்தனியாக இட்டும் எழுதிப் பாருங்கள்; வழங்கி இரண்டையும் ஒரே பெயராகக் கொள்கிறதா? 'ஔவை'யை ஔகாரத்தாலும், ஒகரத்தின் பின் ளகரமிட்டும் எழுதிப் பாருங்கள். 'ஶ்ரீ' என்பதை ஶகரத்தாலும் ஸகரத்தாலும் எழுதினால் பெரும்பாலான எழுத்துருக்களில் கண்ணுக்கு வேறுபாடே இராது. யூனிகோடின் இயல்பாக்க விதிகளும் அவற்றை ஒன்றாக்குவதில்லை. ககரமும் தமிழ் எண் ௧ என்பதும், உகரமும் ௨ என்பதும், அகரமும் ௮ என்பதும் அப்படியே. ஓர் அறையின் நிர்வாகி பெயரில் ககரம் இருந்தால், ௧ இட்டு அதே தோற்றத்தில் இன்னொருவர் நுழைய முடியுமா என்று அந்த ஒட்டை அனுப்பியவரிடம் கேளுங்கள். பின்லாந்தின் அடைப்புக்குறிகளைப் போல இதற்கும் ஆவணத்தில் ஒரு வரி வேண்டும்.